விதை மல்லாட்டையும் வாட்ஸ்அப் குரூப்பும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததோடு போகாமல், அங்கேயே மணிக்கணக்கில் நின்று கொட்டியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலைக்கு மேல் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் சென்னை – விழுப்புரம் தடத்தில் ரயில்கள் நின்றன.

இப்படிப்பட்ட இரவில் கைப்பேசிக்கு எப்படியான செய்தி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘அணையை முழுசா தொறந்துட்டாங்க. ஆத்தோரம் இருக்கறவங்க உடனே கிளம்புங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க.’ எந்த அணை? எந்தத் தேதி? யார் சொன்னது? ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்யும்போது, அதை முதலில் எழுதியவரின் பெயரும் எழுதிய நேரமும் கழன்றுவிடுகின்றன. நமக்கு அனுப்பியவர் யார், எப்போது அனுப்பினார் என்பது மட்டும்தான் தெரியும். போன வருடத்துச் சமாச்சாரம்கூடப் புத்தம் புதிதாக வந்து இறங்கும்.

ஃபேஸ்புக்கில் பெயர் உண்டு, தேதி உண்டு. ஆனால் வரிசை நேரப்படி இருக்காது. ‘ரயில் ஓடுகிறது’ என்று நேற்று மதியம் ஒருவர் போட்ட பதிவுக்கு லைக்கும் கமெண்டும் குவிந்திருந்தால், ‘ரயில் நிறுத்தம்’ என்று இன்று காலை போட்ட பதிவை அது கீழே தள்ளிவிட்டு மேலே நிற்கும். நீங்கள் எந்தப் பதிவில் அதிக நேரம் நிற்பீர்கள், எதற்குப் பதில் போடுவீர்கள் என்று ஒரு கணிப்பு நிரல் மதிப்பெண் போடுகிறது. திரையில் வருவது அந்த மதிப்பெண் வரிசை.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனம் 2024-ல் ஈட்டிய வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரப் பணம். நாம் திரையில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விற்பனைக்குரியது. விழுப்புரத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற தகவலுக்கும் சினிமா வம்புக்கும் அந்தக் கணக்கில் பேதம் கிடையாது.

ஆகவே பலரும், ‘முதலாளியை மாற்றினால் போதும், வேறு செயலிக்குப் போய்விடலாம்’ என்கிறார்கள். அங்கேதான் விஷயம் தடம் மாறுகிறது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதைவிட, நாளைக்குப் பிடிக்காமல் போனால் நம் ஆட்களையும் நம் எழுத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா என்பதே பெரிய கேள்வி. இது தொழில்நுட்பக் கேள்வி. தமிழர்களுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு.

ஒன்று அழிந்தது, ஒன்று நின்றது

1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இணையத் தமிழின் பெரும்பகுதி மடற்குழுக்களில் நடந்தது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்களில் கவிதை, கம்பராமாயணம், சமையல், சண்டை எல்லாம் ஓடின. இன்று அறியப்பட்ட எழுத்தாளர்கள் சிலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். 2019 டிசம்பரில் குழுமங்களின் சேமிப்பில் இருந்தவற்றை யாஹூ அகற்றியது. 2020 டிசம்பர் 15-ல் சேவையே நின்றது. முன்கூட்டியே தரவிறக்கி வைத்தவர்களிடமும், உலகெங்கும் இருந்து ஓடிவந்த ஆவணத் தன்னார்வலர்களிடமும் இருப்பதுதான் மிச்சம்.

அதே காலத்தில், அதே வகை மனிதர்கள் தொடங்கிய இன்னொரு முயற்சி மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோர் முன்னின்று தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் கோப்புகளாக வெளியிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. அதன் கணினிகள் நாளைக்கே நின்றாலும், அந்த நூல்கள் ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் இருக்கும்.

இரண்டிலும் உழைப்பு ஒரே மாதிரி, ஆர்வமும் ஒரே மாதிரி. பிரதி எடுக்க முடிந்தது பிழைத்தது. ஒரே இடத்தில், ஒருவர் கையில் இருந்தது அவர் மனம் மாறியதும் போனது.

சர்வருக்குச் சர்வர் பேசும் வழி

கிளம்ப முடியுமா என்பதை முடிவு செய்வது, கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிமுறை. நமக்கு நன்கு பழகிய திறந்த நெறிமுறை மின்னஞ்சல். 1982-ல் அதன் விதிகளை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். அந்த விதிகளை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம் என்பதால், ஜிமெயிலில் இருப்பவர் தன் கல்லூரியின் சொந்த முகவரிக்குக் கடிதம் எழுத முடிகிறது. வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு அப்படி எழுத வழியில்லை. கணினிக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கதவைப் பூட்டியது நிறுவனங்களின் முடிவு.

சமூக ஊடகத்துக்கும் மின்னஞ்சல் போன்ற பொது விதி ஒன்றை உலக இணையக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-ல் உருவாக்கிய மாஸ்டடான் அந்த விதியில் இயங்கும் மென்பொருள்களில் ஒன்று.

அது நடக்கும் விதத்தைக் கற்பனையாக ஒரு சம்பவத்தில் பார்ப்போம். விழுப்புரத்தில் ஒரு விவசாயிகள் குழு தனக்கென ஒரு சர்வர் வைத்திருக்கிறது. திண்டிவனத்தில் ஆசிரியர்கள் சிலர் இன்னொன்று வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்துக்காரர் ஒருவர், ‘அரசூர் பக்கம் போகாதீர்கள், ரோட்டில் தண்ணீர்’ என்று எழுதுகிறார். அவருடைய சர்வர் முதலில் அந்தப் பதிவுக்கு ஒரு நிலையான முகவரி கொடுக்கிறது. அடுத்து, அவரைப் பின்தொடர்வோர் பட்டியலைப் பார்க்கிறது. 200 பேர் பின்தொடர்ந்து, அவர்கள் 30 சர்வர்களில் பரவியிருந்தால், 200 முறை அனுப்பத் தேவையில்லை. சர்வருக்கு ஒன்றாக 30 முறை அனுப்பினால் போதும். ஒவ்வொரு அனுப்புதலிலும் எழுதியவருக்கு உரிய ரகசியச் சாவியால் ஒரு மின் கையொப்பம் இடப்படுகிறது. திண்டிவனத்துச் சர்வர் அவருடைய பொதுச் சாவியை வாங்கிக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பொருந்தினால்தான் பதிவை ஏற்கும்.

திண்டிவனத்து ஆசிரியை அதைத் தன் வட்டத்துக்குப் பகிர்ந்தால், பகிர்ந்தது அவர் என்பதோடு எழுதியது யார், எப்போது என்பதும் கூடவே போகும். எழுதியவர், ‘தண்ணீர் வடிந்துவிட்டது’ என்று திருத்தினால் அந்தத் திருத்தமும் மற்ற சர்வர்களுக்கு அனுப்பப்படும். திரையில் பதிவுகள் நேர வரிசையில் வரும். மதிப்பெண் போடும் நிரல் இல்லை. பொய் சொல்பவரை இந்த ஏற்பாடு தடுக்காது. ஆனால் பொய் எங்கிருந்து கிளம்பியது என்பது மறையாது.

ஆசிரியைக்குத் தன் சர்வர் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றில் கணக்குத் தொடங்கி, ‘இங்கே மாறிவிட்டேன்’ என்று பழைய கணக்கில் பதிவு செய்யலாம். பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு மாறிவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் கூட வருவதில்லை. அவற்றைத் தனியே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். குறை உண்டுதான். ஆனால் ஃபேஸ்புக்கை விட்டுப் போகிறவர் தன் நண்பர்களை இப்படிக் கூட்டிக்கொண்டு போகவே முடியாது.

திண்டிவனத்தில் இந்த வித்தியாசத்தைப் புரிய வைக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை போதும். அங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகத்தை வெளியிட்டது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். மல்லாட்டைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறது. அதனால் அறுவடையில் நல்ல காயாக எடுத்து வைத்தால் அடுத்த பட்டத்திலும் அதே ரகம் முளைக்கும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் ஒரு மூட்டை கொடுக்கலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை அப்படி எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். மகசூல் வேண்டி ஒட்டு ரகம் விதைப்பதில் தப்பில்லை. விதை எடுத்து வைக்க முடியுமா முடியாதா என்று தெரிந்து விதைக்கிறோம். கைப்பேசியில் செயலியை இறக்கும்போது மட்டும் அதைக் கேட்பதே இல்லை.

அரட்டையும் ஒரு பழைய கதையும்

உடனடிச் செய்திக்கும் திறந்த விதி உண்டு. 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் அறிவித்த முயற்சி, பின்னர் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது நெறிமுறை ஆனது. கூகுள் 2005-ல் தன் அரட்டைச் சேவையை அதன்மேல்தான் கட்டியது. மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடும் பேச விட்டது. 2013-ல் கூகுளின் புதிய சேவையான ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு மூடத் தொடங்கியது. வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் எக்ஸ்.எம்.பி.பி.-க்காக எழுதப்பட்ட ‘இஜாபர்டி’ என்ற கட்டற்ற மென்பொருளைத் தனக்கேற்ப மாற்றிக் கட்டப்பட்டதுதான். பொதுவிதையில் முளைத்து வேலிக்குள் போன பயிர். 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

2025 செப்டம்பர் இறுதியில் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலிக்குத் திடீர் மவுசு வந்தது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் நாளுக்கு 3.5 லட்சம் பேர் சேர ஆரம்பித்தார்கள் என்று ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டு நிறுவனம் என்பதில் பெருமைப்படலாம். இருந்தாலும் வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்குப் போவது, பூட்டிய ஒரு வீட்டிலிருந்து இன்னொரு பூட்டிய வீட்டுக்குப் போவதுதான். வேம்புவே இதைத் தொட்டிருக்கிறார்: யு.பி.ஐ., மின்னஞ்சல் மாதிரி செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும், வாட்ஸ்அப் மாதிரி மூடிக் கிடக்கக் கூடாது என்றார். ஐரோப்பிய ஒன்றியம் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் மூலம் 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகளைப் பிறரோடு பேசத் தயாராகும்படி கட்டாயப்படுத்துகிறது. டீக்கடையில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் அனுப்பும் ஏற்பாட்டை 2016-லேயே செய்துகாட்டிய நாட்டில், செய்திக்கு அப்படி ஒரு விதி இன்னும் இல்லை.

போனவர்கள் ஏன் திரும்பினார்கள்

2019 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செய்ய மறுத்துக் கைகட்டி நின்ற ஜெர்மானியத் தொழிலாளியின் புகழ்பெற்ற புகைப்படத்தை அவர் தன் பக்கத்தில் வைத்திருந்தார். கோபத்தில் ஏராளமான இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போனார்கள். பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலகெங்கும் அதே கதை: மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை சுமார் 25 லட்சம் வரை ஏறி, சில மாதங்களில் பெருமளவு இறங்கியது.

இதற்குக் காரணமாக எல்லோரும் காட்டுவது மெட்காஃப் விதி. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப் பெயரில் வழங்கும் அந்த விதிப்படி, ஒரு வலையின் மதிப்பு அதிலுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 10 பேர் இருந்தால் 45 இணை. 100 பேருக்கு 4,950. 1,000 பேருக்கு 4,99,500. ஆள் பத்து மடங்கு கூடினால் மதிப்பு சுமார் நூறு மடங்கு. அப்படியானால் சின்ன வலை பெரிய வலையோடு போட்டியிடவே முடியாது.

பாப் பிரிஸ்கோ, ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ, பெஞ்சமின் டில்லி ஆகிய மூவரும் 2006-ல் இதை மறுத்தார்கள். எல்லா இணைப்பும் ஒரே மதிப்புள்ளவை அல்ல என்பது அவர்கள் வாதம். உலகில் 300 கோடி பேர் வாட்ஸ்அப்பில் இருந்தாலும் முகையூர்க்காரர் ஒருவருக்கு அதில் வேண்டியவர்கள் சில நூறு பேர்தான்: சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பால் சொசைட்டி, பிள்ளையின் பள்ளி. அந்தச் சில நூறு பேரும் சேர்ந்து இன்னோர் இடத்துக்குப் போனால், அவருக்கு வலையின் மதிப்பில் முக்கால்வாசி அங்கே வந்துவிடும். அதில் பாதிப் பேர் வராவிட்டால் மறுநாளே திரும்பிவிடுவார்.

2019-லும் 2022-லும் போனவர்கள் கோபத்தில், தனித்தனியாகப் போனார்கள். போன இடத்தில் தெரிந்த முகம் இல்லை. தனியாள் இடம் பெயர்வதில்லை. குழு பெயர்ந்தால்தான் நிற்கும்.

விழுப்புரத்தில் கூடும் குழு

அதனால்தான் விழுப்புரம் இந்தக் கதையில் ஒரு முக்கியமான ஊர். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமாக வி-கிளக், பத்தாண்டுக்கும் மேலாக இந்த மாவட்டத்தில் இயங்குகிறது. சென்னையில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களும் உள்ளூர்க் கல்லூரி மாணவர்களும் நேரில் கூடி லினக்ஸ், நிரல் எழுதுவது, இணையத்தில் தனியுரிமை ஆகியவற்றைப் பேசுகிறார்கள். கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார்கள். செப்டம்பர் மாத மென்பொருள் சுதந்திர நாளைக் கண்காட்சி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் இயக்கவும், உள்ளே பார்க்கவும், பிரதி எடுக்கவும், மாற்றவும் உரிமை உள்ள மென்பொருள். மாஸ்டடானின் உரிமம், அதை மாற்றிச் சேவை நடத்துபவர் மாற்றிய மூலநிரலையும் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது. 2021-ல் டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனம் தன் சமூக ஊடகத்தை மாஸ்டடான் நிரலிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு வாய் திறக்காமல் இருந்தது. மாஸ்டடான் தரப்பு 30 நாள் கெடு வைத்துக் கடிதம் எழுதியதும் மூலநிரலை வெளியிட்டது.

சட்டம் உரிமையைக் கொடுக்கும். அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும். ஒரு சர்வரை நிறுவி, வாரா வாரம் புதுப்பித்து, நள்ளிரவில் நின்றால் எழுந்து ஓட்டத் தெரிந்த பத்துப் பேர் ஒரே ஊரில், ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியிருப்பதுதான் தனித்த இணையச் சமூகத்துக்கு அடிப்படை. அந்த ஆட்களை வி-கிளக் போன்ற குழுக்கள் உருவாக்குகின்றன. இந்தியத் தன்னார்வலர்கள் நடத்தும் ‘பிரவ்’ என்ற எக்ஸ்.எம்.பி.பி. செயலி இன்னொரு அடி முன்னே யோசிக்கிறது: பயனர்களே உறுப்பினர்களாகி முடிவெடுக்கும் கூட்டுறவுச் சங்கமாக அதை அமைப்பது அவர்கள் நோக்கம்.

இதற்கும் விலை உண்டு

தனிச் சர்வர் என்றதும் எல்லாம் சுபம் என்று நினைக்கக் கூடாது. மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்திக்கு முழு மறையாக்கம் இல்லை. சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து செய்தியின் உள்ளடக்கம் முழுதும் மறையாக்கப்படுகிறது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது போன்ற விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். ரகசியம் பேச எக்ஸ்.எம்.பி.பி. செயலிகளில் ஓமெமோ என்ற மறையாக்கம் இருக்கிறது. ஊர்ப் பொது அறிவிப்புக்கு ஒரு கருவி, குடும்ப விஷயத்துக்கு இன்னொன்று.

வசை, ஆபாசம், சாதிச் சண்டை வந்தால் நீக்குவது யார்? பெரிய நிறுவனத்தில் கூலிக்கு ஆள் வைப்பார்கள், இங்கே நாமே. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ள ஊடகங்களுக்குக் கூடுதல் பொறுப்பு வைக்கின்றன. சிறிய சர்வரும் குறைதீர் அலுவலர் ஒருவரைக் காட்ட வேண்டும். நடத்துபவர் களைத்துப்போகும் ஆபத்தும் உண்டு. மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற பெரிய சர்வர், நடத்தியவரின் குடும்பச் சூழலால் 2022-ல் மூடப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்ததால் இருந்தவர்கள் வேறிடம் மாறிக்கொண்டார்கள். மாஸ்டடானின் பொதுப் பட்டியலில் சேரும் சர்வர்கள், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்வதாக வாக்குக் கொடுக்கின்றன.

பண விஷயம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஓரிரு நூறு பேருக்கான எக்ஸ்.எம்.பி.பி. சர்வர் உள்ளங்கை அளவுக் கணினியிலேயே ஓடும். மாஸ்டடானுக்குப் படங்கள் சேரச் சேர வட்டு இடம் கூடுதலாகப் பிடிக்கும். வாடகைச் சர்வர் என்றால் மாதம் சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். ஐம்பது பேர் பங்கு போட்டால் தலைக்கு ஒரு டீச்செலவு.

ஒரு தெருநலச் சங்கமோ ஏரிப் பாசன விவசாயிகளோ இதைத் தொடங்க வாட்ஸ்அப்பை அழிக்கத் தேவையில்லை. முதலில் பொது அறிவிப்புகளை மட்டும் திறந்த சர்வரில் போட்டு, அதன் முகவரியைப் பழைய குரூப்பில் பகிரலாம். ஆட்கள் மெல்ல வருவார்கள். ஆனால் தொடங்கும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சங்கக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவது யார்? கடவுச்சொல் எந்த இரண்டு பேரிடம் இருக்கிறது? போன வாரத்து நகல் எங்கே இருக்கிறது? இந்த மூன்றையும் வாட்ஸ்அப் குரூப் அட்மினிடம் கேட்டால் அவர் சிரிப்பார். மூன்றுக்குமான பதில் கலிஃபோர்னியாவில், மெட்டாவிடம் இருக்கிறது.